நம்பிராஜன் வழியில் இருக்கிறான்

ஹைதராபாத்தில் மொழியியல் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்து, ரயில் ஏற வேண்டிய அன்று மத்தியானம், பேச்சியம்மாள் வெள்ளங்குறிச்சியில் தன் வீட்டு வாசலில் பெட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது, அவளைப் பைக்கில் ஏற்றித் திருநெல்வேலி ஜங்ஷனில் விட்டுவருவதாகச் சொல்லியிருந்த நம்பிராஜன், அவளுடைய அத்தை மகன் நம்பிராஜன், அக்கரை பஜாரில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருந்த நம்பிராஜன், அவளுக்கென்று வெற்றிலை பாக்கு மாற்றி நிச்சயம் பண்ணியிருந்த நம்பிராஜன், ஆற்றுப்பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி 'ஐ ஆம் இன் தி வே' என்று அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான், அனுப்பியபடியே ஆகிப்போனான்.

அவன் எழுதியிருக்க வேண்டியது 'ஆன் தி வே'. புறப்பட்டாயிற்று, வந்துகொண்டே இருக்கிறேன் என்று பொருள். 'இன் தி வே' என்றால் குறுக்கே நிற்கிறேன், தடையாக இருக்கிறேன் என்று பொருள். நம் பேச்சில் இரண்டுக்கும் 'வழியில' என்கிற ஒரே சொல் போதும். வழியில வாரேன், வழியில நிக்கேன் என்று பின்னால் வருகிற வினை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், இத்தனை காலமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, அதனால் யாரும் எங்கேயும் நட்டுக்கொண்டு நின்றதில்லை. இங்கிலீஷில் அந்தத் தாராளம் கிடையாது. அங்கே வினைக்குப் பின்னால், பெயருக்கு முன்னால், ஈக்குஞ்சு மாதிரி ஒரு சின்னச் சொல் உட்கார்ந்துகொண்டு ஆளையே மாற்றிவிடும்.

பேச்சி போன் போட்டாள். எங்கே என்று கேட்டதற்குப் பாலத்தில் நிற்பதாகச் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு, "காலு வரமாட்டேங்கு பேச்சி" என்றான். பைக் பஞ்சர் என்பதைத்தான் இப்படி இழுக்கிறார் என்று எரிச்சல்பட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளே மினி பஸ் ஏறினாள். பஸ் பாலத்தில் பாதி தூரம் போய் நின்றது. நடுரோட்டில், இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கையில் போனோடு, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நம்பிராஜன் நின்றிருந்தான். கண்டக்டர் இசக்கி இறங்கிப் போய் ஓரமாக நிற்கச் சொன்னார். அவனும் அதைத்தான் விரும்புவதாகவும் முடியவில்லை என்றும் சொன்னான். பஸ்ஸில் இருந்த ஆம்பளைகள் எல்லாரும் இறங்கி அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். செருப்பு வந்தது, கால் வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். ஹாரனுக்குத் தொண்டை கட்டுகிறவரைக்கும் அடித்தார். தினமும் முக்கி முனகிக்கொண்டு வருகிற அந்த ரயில் அன்றைக்குப் பார்த்து ஆன் டைம். பேச்சியால்தான் இன் டைமில் போகமுடியவில்லை. இருட்டுவதற்குள் வீடு சேரலாம் என்று அவள் பெட்டியோடு இறங்கித் திரும்பி நடந்தாள்.

அவள் பாலத்தைவிட்டு இறங்கினாளோ இல்லையோ, பஸ் அக்கரையில் இருந்தது.

எப்படிப் போனீர்கள் என்று டிரைவரைக் கேட்டதற்கு, "எடம் இருந்துச்சு, போனேன்" என்றார். அவ்வளவுதான் பதில். மறுநாள் பால் வண்டி போயிற்று. வைக்கோல் ஏற்றி இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு டிராக்டர் போயிற்று. கல்யாண வேன் போயிற்று, ஆட்டுக் கிடை போயிற்று, மேளத்தோடு ஒரு பாடையும் போயிற்று, நம்பிராஜன் நின்ற இடத்திலேயே நின்றான், ஒருத்தர்மேலும் இடிக்கவில்லை. பேச்சி வந்தால் மட்டும் பாலம் அடைத்துக்கொண்டது. இடப்பக்கம் போனால் எதிரே அவன் நெஞ்சு இருந்தது. வலப்பக்கம் போனால் எதிரே அவன் நெஞ்சு இருந்தது. ஓடினாள், ஓடிய இடத்தில் இருந்தது. அவன் கால் ஒரு நூல்கூட நகரவில்லை என்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் சத்தியம் பண்ணினார்கள். மேற்கே மலையடிவாரம் சுற்றிப் போகிற ரோட்டில் ஆட்டோ பிடித்துப் போனாள். அங்கே ஒரு திருப்பத்தில், ரிப்பேருக்கு வந்த யாரோ ஒருத்தர் போனைக் கையில் பிரித்து வைத்தபடி நம்பிராஜன் நின்றிருந்தான், "நீ இந்தப் பக்கமும் வருவியா" என்று பாவமாகக் கேட்டான். அதே நேரத்தில் அவன் பாலத்திலும் நின்றிருந்தான், டீகூடக் குடித்தான் என்றார்கள். இதில் ஊருக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

ஊருக்குச் சங்கடம் இருந்ததெல்லாம் அந்த முதல் சாயங்காலம் மட்டும்தான். அடைப்பு பேச்சி ஒருத்திக்குத்தான் என்று தெரிந்ததும், ஊர் மொத்தமும் நெஞ்சில் கை வைத்து அப்பாடா என்றது. பஞ்சாயத்துத் தலைவர் நேரில் வந்து பாலத்தைப் பார்வையிட்டு, போக்குவரத்துக்கு இடையூறு ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இருக்கிறதே என்று பேச்சி கேட்டாள். அது உங்கள் குடும்ப விஷயம் அல்லவா என்று அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். ஒரு ஊரே தாண்டிப் போய்விட்டால் அப்புறம் அது தடையே இல்லை என்பது என்ன நியாயம் என்று அவள் ஜீப்புக்குப் பின்னால் நடந்துகொண்டே வாதாடினாள். ஜீப்பும் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது.

மாசம் முடிவதற்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு என்று பல்கலைக்கழகத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். மாசமோ அதுபாட்டுக்குப் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

நம்பிராஜனை ஊர் நன்றாகவே பார்த்துக்கொண்டது. வெயிலுக்கு ஒரு பெரிய குடையை, ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் கொடுத்ததை, கைப்பிடிச் சுவரில் கட்டினார்கள். இருட்டில் வருகிற லாரிக்குத் தெரியட்டும் என்று அவன் முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் முறை வைத்துப் பவர் பேங்க் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடையைப் பூட்டி வைப்பானேன் என்று ஸ்க்ரூ டிரைவர், பசை, விளக்கு எல்லாம் பாலத்துக்கு வந்தன. அக்கரைக்காரர்களும் இக்கரைக்காரர்களும் உடைந்த போன்களைப் போகிறபோது கொடுத்து வருகிறபோது வாங்கிக்கொண்டார்கள், வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடந்தது. அவனைப் பாலத்துக்காரன் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பரீட்சைக்குப் போகிற பெண்கள் சிலர் அவன் பைக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

இங்கிலீஷைத்தான் ஊர் பயத்தோடு பார்க்க ஆரம்பித்தது. நான் எண்பத்தைந்தில் பாஸ்டு அவுட் என்று யாரிடமும் பெருமையாகச் சொல்லும் ஹெட்மாஸ்டரிடம், அதற்கு மயங்கி விழுந்தேன் என்றும் அர்த்தம் உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னார். 'ஐ ஆம் போரிங்' என்றால் நானே அறுவை, 'ஐ ஆம் போர்டு' என்றால் எனக்கு அலுப்பு, மேடையில் எதைச் சொல்வது என்று கவுன்சிலர் ஒருவர் பயந்து பேச்சையே விட்டுவிட்டார், அது ஒன்றுதான் ஊருக்கு நடந்த நல்லது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், இத்தனை வருஷமாக எல்லா வீட்டுக்கும் 'இன் தி வே' என்றே அனுப்பிக்கொண்டிருந்தவர், இப்போது வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

இந்தப் பயத்தில் பிழைத்துக்கொண்டவர் வின்சென்ட். பஜார் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையம் நடத்திக்கொண்டிருந்தவர், பாலத்தில் நம்பிராஜனின் தலைக்கு மேலே ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார். அதில் கோட்டும் டையுமாக அவர் படம், பக்கத்தில் ஒரு அம்புக்குறி, அம்புக்குறி நேரே நம்பிராஜனைக் காட்டியது, கீழே 'ஒரே ஒரு எழுத்துதான்! நீங்களும் இப்படி நிற்கவேண்டுமா?' என்று கேட்டிருந்தது. வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காண்பித்தார். விடுதலைக்கான வாக்கியங்களையும் அவரே எழுதித் தந்தார். 'ஐ ஆம் ஆன் தி வே' என்று நம்பிராஜன் திருப்பித் திருப்பிச் சொன்னான். நின்றுகொண்டிருப்பவன் அதைச் சொன்னால் பொய்தானே, பொய் பலிக்கவில்லை. 'ஐ ஆம் அவுட் ஆஃப் தி வே', விலகிவிட்டேன் என்று சொன்னான், அதுவும் பொய். 'பை தி வே' என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள், குறைந்தது ரோட்டோரமாவது ஒதுங்குவான் என்று. சொன்னதும் எதிரே நின்றவர்கள் எல்லாரும், எந்தப் பேச்சுக்கும் நடுவே இன்னொரு பேச்சை எடுக்கிறவர்கள் மாதிரி, பருத்தி விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவன் மட்டும் நடுரோட்டில் நின்றான்.

பேச்சி வீட்டில் அவள் அம்மாவுக்கு இது நல்ல சகுனமாகப் பட்டது. அவரு நிக்கும்போது நீ எப்படிட்டி போவ என்று கேட்டாள், கேட்டுவிட்டுப் பெட்டியிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். பேச்சி ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைத்தாள். அத்தை லோகம்மாள் தினமும் தூக்குச்சட்டியில் சொதியும் சோறும் கொண்டுபோய் மகனுக்கு ஊட்டிவிட்டு, வருகிற வழியில் இங்கே நுழைவாள். அத்தைக்கு இங்கிலீஷ்மேலும் கோபம் இல்லை, பாலத்தின்மேலும் இல்லை.

"எம்மவன் தன்னால நிக்கல, ஒன்னால நிக்கான்" என்றாள். "நீ போவலேன்னு ஒரு வார்த்த சொல்லிரு, அவன் வீட்டுக்கு வந்துருவான்."

"அத்தே, தப்பா மெசேஜ் அடிச்சது அவிய. நான் ஏன் போவாம இருக்கணும்?"

"அவன் ஒனக்காவத்தானட்டி இந்தக் கண்றாவி இங்கிலீசப் படிச்சான்."

அது உண்மைதான். நிச்சயம் ஆன நாளிலிருந்தே நம்பிராஜன் கடையில் சூடேற்றிய பசை ஆறுகிற நேரத்தில் போனில் குட்டிக் குட்டி வீடியோக்கள் பார்த்துக்கொண்டிருந்தான், இதுவா அதுவா என்று இரண்டு வாக்கியங்களைப் போட்டு எது சரி என்று கேட்கிற வீடியோக்கள். ஹைதராபாத்துக்கு அவளைப் பார்க்கப் போகும்போது அவளோடு படிக்கிறவர்கள் முன்னால் தலைகுனியக் கூடாது என்பதற்காக. அதை அவன் சொன்னபோது பேச்சிக்கு அவன்மேல் பிரியம் பெருகிய மாதிரியும் இருந்தது, பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. யார் முன்னால் யார் எதற்காகத் தலைகுனியவேண்டும் என்று அவள் ஒரு மணி நேரம் போனில் வாதாடினாள். அவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். அவன் எப்போதும் சரி என்றுதான் சொல்வான். ஹைதராபாத்துக்கு விண்ணப்பம் போடட்டுமா என்றபோதும் சரி என்றான், இடம் கிடைத்துவிட்டது என்றபோதும் சரி என்றான், படிப்பு முடிந்துதான் கல்யாணம் என்றபோதும் சரி என்றான்.

இனி ஒரே ஒரு ரயில்தான், அதையும் விட்டால் மாசம் முடிந்துவிடும் என்கிற அன்று காலையில், பேச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். வின்சென்ட் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இசக்கியின் மினி பஸ் பின்னால் வந்து, அவள் நிற்பதைப் பார்த்து, வேறு வழியில்லாமல் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிக் கூடினார்கள். அத்தை தூக்குச்சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். இலக்கணம் தெரியாவிட்டால் இதுதான் கதி என்று வின்சென்ட் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அந்த வார்த்தையில் பேச்சிக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் பாலத்தின்மேலும் ஜீப்பின்மேலும் அலமாரியின்மேலும் காட்டமுடியாத கோபமெல்லாம் அவர்மேல் திரும்பியது.

"சார், இது இலக்கணத்துக்குக் கெடச்ச தண்டனைன்னு யார் சொன்னா?"

"பின்ன வேற எதுக்குமா? இன் வேற, ஆன் வேற."

"இந்த ஊர்ல யார் சார் சரியா எழுதியிருக்கா? கேஸ் அண்ணாச்சி தெனமும் இன் தி வே. இந்த இசக்கி அண்ணாச்சி குரூப்ல தெனமும் இன் தி வே. ஒங்க வகுப்புக்கு லேட்டா வாற பிள்ளைய அத்தன பேரும் ஒங்களுக்கு அனுப்புதது இன் தி வே. தப்பு எழுதினா நட்டமா நிக்கணும்னா இந்தப் பாலத்துல ஊரே நின்னுருக்கணும். நின்னுச்சா?"

நிற்கவில்லை என்று இசக்கி ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் இரண்டு பேர் தங்கள் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, நாங்களும்தான் என்றார்கள். வின்சென்ட் சுதாரித்துக்கொண்டு, எல்லோரும் ஒரே மாதிரிதானே எழுதியிருக்கிறார்கள், அப்படியானால் இவனை மட்டும் ஏன் பிடித்தது, அதைச் சொல்லு என்றார்.

பேச்சிக்கு வாதம் என்றால் சாப்பாடு மாதிரி. "எல்லாரும் எழுதினது தப்பு. அதான் பலிக்கல. இவிய எழுதினது..." என்று வேகமாக ஆரம்பித்தவள், அந்த வாக்கியம் போய் முடிகிற இடம் கண்ணுக்குத் தெரிந்ததும் நின்றுவிட்டாள். பொய் பலிக்கவில்லை. 'ஆன் தி வே' என்று அவன் திருப்பித் திருப்பிச் சொன்னது பொய், பலிக்கவில்லை. அப்படியானால் பலித்தது?

போனை எடுத்து அவன் அனுப்பிய மெசேஜ்களை மேலே மேலே தள்ளினாள். மாம்பழம் கொண்டுவந்த அன்று, 'ஐ ஆம் ஆன் தி வே'. அவள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த அன்று, 'ஆன் தி வே, ஃபைவ் மினிட்ஸ்'. கோயில் கொடைக்கு வந்த அன்று, 'ஆன் தி வே'. வீடியோ பார்த்துப் படித்தவன். ஒரு தடவைகூடத் தப்பாக எழுதியதில்லை. இந்த ஒரு தடவையைத் தவிர.

அவள் போனை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவனைத் தாண்டுவதற்குத்தான் பார்த்திருந்தாள். இப்போதுதான் அவனைப் பார்த்தாள்.

"அத்தான், தப்பா அடிச்சியளா?"

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் குடைக்கம்பின்மேல் செருகி வைத்தான். அம்மாவைப் பார்த்தான், வின்சென்ட்டைப் பார்த்தான், அந்தக் கூட்டத்தைப் பார்த்தான். வழக்கம்போலச் சரி என்று சொல்லித் தப்பிக்கிற மாதிரிக் கேள்வி அல்ல அது.

"மொதல்ல 'ஆன்'னுதான் அடிச்சேன்" என்றான். "அழிச்சிட்டு 'இன்'னு போட்டேன்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான். ஒரு எழுத்து, யாருக்குத் தெரியப் போவுது, பய தப்பா அடிச்சிட்டாம்பாவ. நீயே சிரிச்சுக்கிட்டுத் திருத்துவ. மனசுல கெடந்தத ஒரு தடவ எங்கயாவது எழுதிப் பாக்கணும்னு இருந்துச்சு பேச்சி. தமிழ்ல எழுத தைரியம் இல்ல."

அத்தை தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, கூட யாரும் சேராததால் இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"இப்பத் தமிழ்ல சொல்லுங்க" என்றாள் பேச்சி.

"நீ போறது எனக்குப் புடிக்கல."

அவ்வளவு சின்ன வாக்கியம். இதற்கா ஒரு பாலம், ஒரு குடை, ஒரு சிவப்பு ஸ்டிக்கர், ஒரு ஃப்ளெக்ஸ், ஒரு மாசம். பேச்சிக்கு அழுகை வந்தது, அழுகையைவிட ஆத்திரம் முந்திக்கொண்டது. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், அவளுக்குச் சண்டை போடத் தெரியும், சரி சரி என்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது என்றுதான் தெரியாது.

"புடிக்கலேன்னா வீட்ல இருந்து புடிக்காம இருங்க" என்றாள். "பாலத்துல என்ன சோலி ஒங்களுக்கு?"

அவன் வாயைத் திறந்தான். பழக்கத்தில் சரி என்று வரப்போனது, அதை அவன் விழுங்கிக்கொண்டது தெரிந்தது.

பேச்சி பெட்டியைத் தூக்கினாள். இடப்பக்கம் ஒரு எட்டு வைத்தாள். எதிரே நெஞ்சு இல்லை. பாலம் இருந்தது, பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு இருந்தது, ரோட்டோரம் அக்கரை வேப்பமரம் இருந்தது. நம்பிராஜன் நின்ற இடத்திலேயேதான் நின்றான், ஒரு நூல்கூட நகரவில்லை. அவளுக்கும் அவ்வளவு இடம் இருந்தது. போகிறபோது பெட்டி அவன் முழங்காலில் உரசியது. ஜங்ஷன் வரைக்கும் வரட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். திரும்பிப் பார்க்கவும் செய்தாள், ஆனால் அவனை அல்ல, அத்தையைப் பார்த்து, "சோறு ஆறிரும் அத்தே" என்றாள். இசக்கி விசில் கொடுத்தார். பஸ் அவளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து வேப்பமரத்தடியில் அவளை ஏற்றிக்கொண்டது.

அதற்குப் பிறகு நம்பிராஜனுக்குக் கால் எப்போது வந்தது என்பதில் ஊரில் இரண்டு கட்சி. பஸ் கண்ணுக்கு மறைந்ததுமே நடந்தான் என்று சிலர். இல்லை, அம்மா கொடுத்த சோற்றை முதல்முறையாகத் தன் கையால் சாப்பிட்டு, கை கழுவத் திரும்பினபோதுதான் நடந்தான் என்று சிலர். பேட்டரி இறங்கிப்போன பைக்கை அவன் தள்ளிக்கொண்டு போனதை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள், முதுகில் ஸ்டிக்கரோடு. வின்சென்ட் ஃப்ளெக்ஸை அவிழ்க்கவில்லை. அம்புக்குறி இப்போது வெறும் பாலத்தைக் காட்டுகிறது, புதிதாக அந்தப் பக்கம் வருகிறவர்கள் அது எதைக் காட்டுகிறது என்று நின்று பார்க்கிறார்கள், பின்னால் வருகிற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

ரயில் மதுரையைத் தாண்டும்போது பேச்சியின் போன் மணி அடித்தது. நம்பிராஜன், தமிழில், தமிழ் எழுத்திலேயே கேட்டிருந்தான்: 'எங்க இருக்க?'

அவள் 'ஆன்' என்று இங்கிலீஷில் அடித்தாள். பார்த்தாள். அழித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டேஷன் நிற்காமல் போயிற்று. அவன் மேல் கோபம் அப்படியேதான் இருந்தது, ஆறுவதற்கு ஆந்திரா வரை ஆகும் போலிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, 'வழியில' என்று ஒரே ஒரு சொல்லை எழுதி அனுப்பினாள்.

பின்னால் வருகிற வினையை அவள் போடவில்லை.